சட்டை கழற்றிய சந்தேகநபர்

மஹ்றூப்பின் இடது செருப்பை வரம்புச் சேறு விழுங்கியது. அவனுடைய எசமான், துப்பறியும் வீரகத்தி, திரும்பியும் பார்க்கவில்லை.

“ஐயா, கேசில முதல் பலி விழுந்திட்டுது.”

“ஆர்?”

“என்ர செருப்பு. பெருநாளுக்கு எடுத்தது.”

“கதையாமல் நில். உந்தச் சத்தத்தைக் கேள்.”

மஹ்றூப் நின்றான். மப்புக் கட்டிய காலை. காற்று இல்லை, ஆனாலும் வயல் முழுதும் நறுநறுவென்று ஒரு சத்தம். கலியாண வீட்டில் ஒரு பந்தி முழுதும் ஒரே நேரத்தில் அப்பளத்தை உடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. குனிந்து பார்த்தான். நெல் தாளுக்குத் தாள் புழு. தின்பதும் ஊர்வதும் அடுத்த தாளுக்குத் தாவுவதுமாக ஒன்றும் சும்மா இருக்கவில்லை. உச்சந்தலையிலிருந்து செருப்பில்லாத கால் வரைக்கும் அவனுக்குக் கூசியது.

நெடுங்கேணிக்கு அப்பால் காடு வெட்டிக் குளம் கட்டி, வடமராட்சிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் கரடிமடு. அதன் திட்ட அதிகாரி கதிர்காமநாதன். துப்பறிபவரைக் கூப்பிடுகிறவர்களில் குற்றவாளியைத் தெரியாதவர்கள் ஒரு வகை; தெரிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகைதான் தொல்லை. கதிர்காமநாதன் அந்த வகையில் முதல்தரம்.

அவர் பிடித்து வைத்திருந்த குற்றவாளியின் பெயர் விமலேஸ்வரி. ஊர் வயலெல்லாம் புழு தின்று மொட்டையாகிக் கிடக்க, அவளுடைய வயல் மட்டும் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஊரில் அழிந்துபோன கபிலநிறப் பூச்சி ஒன்று அவளுடைய வயலில் மட்டும் பெருகிக் கிடக்கிறது. அதிகாரியின் கணக்குச் சுலபமானது: பூச்சி முட்டை போடும், முட்டையிலிருந்து புழு வரும், புழு தாய்வீட்டில் கை வைக்காமல் அயலில் போய்த் தின்னும். ஆகவே அவள் வேண்டுமென்றே பூச்சி வளர்க்கிறாள். இன்று பின்னேரம் சங்கக் கடையில் கூட்டம். காணிப் பெர்மிற் ரத்தாகும். ரத்தான கையோடு மெஷின் இறங்கி அவளுடைய பயிரை உழுது புரட்டும். வவுனியாவிலிருந்து வீரகத்தியை அழைத்தது தீர்ப்புக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான்.

வீரகத்தி முன்பு மதுவரியில் இருந்தவர். காட்டுக்குள் காய்ச்சும் கசிப்புச் சாராயத்தை மைல் கணக்கில் மோப்பம் பிடித்தவர். யோசனை வந்தால் கோட்டுப் பொத்தானைப் போடுவார், கழற்றுவார், திரும்பப் போடுவார். இப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது.

“மஹ்றூப், இது ஆற்றை வயல்?”

“சிற்றம்பலத்தாற்றை. அங்க பாருங்கோ, வரம்பில.”

வரம்பில் ஒரு புத்தம்புது மண்வெட்டி குத்தி நின்றது. பிடியில் சிவப்பு நாடாவில் பூக்கட்டு. அதிகாரி நடத்திய ‘பூச்சி ஒழிப்பு வாரத்’தில் அதிகம் பூச்சி பிடித்ததற்கு முதற்பரிசு. மண்ணைக் காணாத மண்வெட்டி. சுற்றிவர வயலில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை.

“இரண்டாம் பரிசு?”

“கனகலிங்கம். உங்கால, அடுத்த வயல்.”

அதுவும் மொட்டை. அதற்கடுத்த வயல் பரவாயில்லை, பாதித் தாள் மிஞ்சி நின்றது. அந்த வயற்காரனைப் பற்றி ஊரில் விசாரித்தபோது, வாரம் முழுதும் மரத்தடியில் படுத்துக் கிடந்த சோம்பேறி என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னார்கள்.

“பாத்தீங்களா ஐயா? பரிசெடுத்த ஆளைப் புழு தேடிப் பிடிச்சுத் தின்னுது. புழுவுக்குப் பொறாமை.”

“பொறாமை எண்டு எழுதினால் கேஸ் நிக்காது. ஆனா நீ சொன்னதிலை முதல் பாதி சரி.”

ஒற்றை வரம்பைத் தாண்டினார்கள். விமலேஸ்வரியின் வயல். அங்கே அந்த நறுநறுப்பு இல்லை. அந்த அமைதி மஹ்றூப்பை இன்னும் பயமுறுத்தியது.

வீரகத்தி குந்தியிருந்து ஒரு தாளைப் பிடித்தார். கபிலநிறப் பூச்சி ஒன்று. முதுகிலே கேடயம் கவிழ்த்த மாதிரி ஓடு. கேடயத்தின் நுனியில் வெள்ளைப் பொட்டு. இரண்டு தோளிலும் கூரான முள். அவர் சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டி ஒன்றை எடுத்தார். அதற்குள் பச்சைநிறத்தில் அதே கேடயக்காரன். வழியில் ஒரு பயற்றங்கொடியில் பிடித்தது.

“இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஒண்டு பச்சை, ஒண்டு கபிலம். ரெண்டும் நாத்தம்.”

“மூஞ்சியைப் பார்.”

மஹ்றூப் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். இரண்டுக்கும் வாய் என்று ஒன்றில்லை, ஊசிதான். பச்சைக்காரனுடையது தையலூசி போல மெலிந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. கபிலத்தின் ஊசி சாக்குத் தைக்கிற கோணூசி. வீரகத்தி ஈர்க்கால் தொட்டதும் அது வில்லுக்கத்தி விரிவதுபோல முன்னுக்கு நிமிர்ந்தது.

“இலையிலை சாறு குடிக்க உவ்வளவு தடிப்பான ஊசி ஏன்?” என்றார் வீரகத்தி. “இளநி குடிக்க ஆரும் கல்லுக் கிளப்புற அலவாங்கு கொண்டுபோறதில்லை.”

“ஆரது வயலுக்கை?”

குரலோடு ஒரு தடியும் வந்தது. தடியின் மறுமுனையில் விமலேஸ்வரி. முப்பது வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. அழுது முடித்து, கோபத்துக்கு வந்துவிட்ட முகம்.

“செத்தவீட்டுத் துடக்குள்ள வயலுக்கை இறங்கி நிக்கிறியள். ஊரிலை ஒரு நாயும் இதுக்கை கால் வைக்கேல்லை. நீங்கள் ஆர்?”

“எங்களை அதிகாரி கூப்பிட்டவர், தங்கச்சி,” என்றார் வீரகத்தி.

“அப்ப வடிவாப் பாருங்கோ. பின்னேரம் உழுது போடுவினம்.”

“பூச்சி ஒழிப்பு வாரத்திலை நீங்கள் ஏன் பூச்சி பிடிக்கேல்லை?”

அவள் அவரை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “எப்பிடிப் பிடிக்கிறது? எல்லாருக்கும் ஐயனார் கோயிலிலை பூசை வைச்சு, விபூதி பூசித்தானே பூச்சி போடத் தகரப்பேணி குடுத்தவை. துடக்கு வீட்டுக்காறி கோயில் பேணியைத் தொடலாமோ? பேணி வைச்சிருந்த சனமும் என்ரை வரம்பிலை மிதிக்கேல்லை. என்ரை மனிசன் பாம்பு கடிச்சுச் செத்துத் துடக்குக் கழியேல்லை, அதுக்கிடையிலை அவற்றை காணிக்கு ஆள் நிக்குது.”

“ஆர் நிக்கிறது?”

“வாய்க்கால் தலைமாட்டிலை இருக்கிற காணி. பரிசு மண்வெட்டிக்காரர் வேறை எதைக் கொத்துவார்? காடு வெட்டேக்கை அவர் இஞ்சை இல்லை. நானும் என்ரை மனிசனும்தான் வேர் கிளப்பினது. பெர்மிற் மனிசன்ரை பேரிலை. என்ரை பேருக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப் போனன், பூச்சிக்காறி எண்டு திருப்பிவிட்டினம்.”

பொத்தானில் வீரகத்தியின் விரல் ஓடுவது நின்றது. மஹ்றூப்புக்கு அந்த நிறுத்தம் தெரியும். கசிப்புப் பானை அகப்பட்டுவிட்டது.

“இந்தப் பூச்சிக்கு என்ன பேர் எண்டு தெரியுமோ?”

“எனக்கென்ன தெரியும்? நாறும். அவ்வளவுதான்.”

வீரகத்தி திரும்பவும் குந்தினார். மஹ்றூப் அவருக்குப் பின்னால் நின்று, அவர் பார்த்ததையெல்லாம் பார்த்தான். ஓர் இலையில் மணிமணியாக முட்டைகள், குட்டிப் பீப்பாய்களை அடுக்கிய மாதிரி. சில பீப்பாய்களின் மூடி திறந்து கிடந்தது. சுற்றிவரக் கடுகளவு சிவப்புக் குஞ்சுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இலையில் மூஞ்சியை வைத்தபடி இருந்தன. வேறொரு தாளில் அதே சிவப்பில் கொஞ்சம் பெரியவை. அங்கங்கே முதுகு பிளந்த வெறும் சட்டைகள், சின்னதும் பெரிதுமாக, காற்றில் ஆடின.

“ஐயா, அதிகாரி சொன்ன புழு எங்க? முட்டைக்குள்ள இருந்து சிவப்புச் சட்டைக்காரன்தானே வந்திருக்கிறான்?”

“நல்ல கேள்வி. அவரிட்டைக் கேப்பம்.”

அப்போது ஒரு கபிலநிறக் கேடயக்காரன் தாளின் மேலே ஏறி வந்தது. அதன் ஊசி நேரே நீட்டியிருந்தது. ஊசி நுனியில் அதைவிடப் பெரிய புழு ஒன்று, ஈட்டியில் குத்திய மீன்போலத் தொங்கி, மெல்ல மெல்லச் சப்பையாகிக்கொண்டிருந்தது.

“யா அல்லாஹ்,” என்றான் மஹ்றூப். “இவன் நம்ம ஆள்!”

விமலேஸ்வரி தடியைக் கீழே போட்டுவிட்டு வந்து குனிந்தாள்.

“பேர் தெரியாது,” என்றார் வீரகத்தி. “தொழில் தெரிஞ்சிட்டுது. ஆனால் நான் சொன்னால் ஆர் நம்புவினம்? அதிகாரி தன்ரை கையாலை நிரூபிக்கவேணும்.”

தாள்களைக் கிளறி, சிவப்புக்காரர்களில் பெரியவன் ஒருவனைத் தேடி எடுத்தார். தோளடியில் சிறகு மொட்டுகள் புடைத்திருந்தன. மற்றவை ஓட, இது மட்டும் தலைகீழாக, அசையாமல், கடன்காரன் வாசலில் நிற்கும்போது உள்ளே இருப்பவனைப்போல மூச்சுப்பேச்சில்லாமல் இருந்தது. நெருப்புப்பெட்டிக்குள் அதைப் பக்குவமாக வைத்தார்.

---

கதிர்காமநாதனின் கந்தோர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. முட்டை, அதிலிருந்து ஓர் அம்புக்குறி, புழு, இன்னோர் அம்புக்குறி, பறக்கிற பூச்சி. படம் அந்துப்பூச்சிக்கு வரைந்தது. உலகத்தில் வேறு பூச்சி இருக்கக்கூடும் என்ற சந்தேகம் படத்துக்கும் இல்லை, படத்தின் கீழே உட்கார்ந்திருந்தவருக்கும் இல்லை.

மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தல். அதற்குள் நெல் தாள்கள், புழுக்கள், அவளுடைய வயலோரத்தில் ஆளை விட்டுப் பிடித்த கபிலநிறப் பூச்சிகள்.

“மிஸ்டர் வீரகத்தி, இது கொழும்புக்குப் போகுது,” என்றார் கதிர்காமநாதன். கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டார். “தாயும் பிள்ளைகளும் ஒரே போத்தலில். மேலிடம் அசந்துபோகும். முதலில் கூட்டத்தில் காட்டி, பிறகு தபாலில் போடுவன்.”

“அருமையான யோசனை,” என்றார் வீரகத்தி. மஹ்றூப் திடுக்கிட்டான். “இன்னுமொரு சந்தேகநபர் இருக்கிறான். சிவப்பு. இவனையும் சேருங்கோ.”

“உடந்தை! போடும், போடும்.”

“மூடிக்குச் சல்லடைச் சீலை கட்டுங்கோ, மூச்சுக்கு. அதுக்குமேல அரக்கு முத்திரை வையுங்கோ. உங்கட கையாலை. உங்கட மேசையிலை, உங்கட கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும். நானே தொட்டாலும் விடாதேங்கோ.”

கதிர்காமநாதனுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை இருக்கமுடியாது. அரக்கை உருக்கினார், முத்திரை குத்தினார், ஊதினார், சற்றுத் தள்ளி நின்று அழகு பார்த்தார். கூட்டத்தில் பேச வைத்திருந்த பேச்சை அந்த அரக்கு காய்வதற்குள் ஒருமுறை பேசியும் காட்டினார்.

வெளியே வந்ததும் மஹ்றூப் பொறுக்கவில்லை. “ஐயா, எங்கட சாட்சியைக் கொண்டுபோய் எதிராளியிட்டயே பூட்டிட்டு வாறீங்க!”

“ஓம்.”

“திட்டம் என்ன?”

“பசி.”

“அது எனக்குக் காலையில இருந்தே இருக்கு.”

“உன்ரை பசியில்லை.”

தங்கள் ஏ-போட்டிக் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வீரகத்தி கதவைத் திறந்தார், மூடினார். பொத்தானைக் கழற்றினார், போட்டார். கந்தோர் யன்னலை எட்டிப் பார்த்தார். மஹ்றூப் அவரை இப்படிக் கண்டதில்லை.

“மறியல் கூண்டுக்கை போன பெரிய சண்டியனும் முதல்நாள் சாப்பிடமாட்டான்,” என்றார் கடைசியில். “உதுகளும் அப்பிடிப் பட்டினி கிடந்தால், அந்தப் பிள்ளையின்ரை காணி போச்சு.”

தூரத்தில் உழவு மெஷின் ஒன்று உறுமி, நின்று, மறுபடி உறுமியது. அவளுடைய வயலுக்குத்தான் அதை ஆயத்தப்படுத்துகிறார்கள். மஹ்றூப்பும் யன்னலை எட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

---

சங்கக் கடையில் சனம் யன்னலிலும் தொங்கியது. கமக்காரர் குழுத் தலைவர் பரமலிங்கம், பேச்சைக் கேட்டுக் கேட்டே கிழவனாகியவர், நடுக்கதிரையில் இருந்தார். முத்திரைப் போத்தல் பட்டுத்துணியால் மூடி மேசையில் இருந்தது. பட்டுத்துணி அதிகாரியின் யோசனை; அரக்கு காய்ந்த உடனே போர்த்திவிட்டார். விமலேஸ்வரி துடக்குக்காரி என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தாள். அவளுடைய காணியைப் பற்றிய கூட்டம் உள்ளே நடந்தது.

கதிர்காமநாதன் பேசினார். தேசத்தைப் பற்றிப் பேசினார், நெல்லைப் பற்றிப் பேசினார், பெரும்பாலும் தன்னைப் பற்றிப் பேசினார். பிறகு முதற்பரிசுக்காரர் சிற்றம்பலம் எழும்பினார்.

“நான் கண்ணாலை கண்டனான். உந்தச் சிவப்புக் குஞ்சுகள் நெல்லிலை மூஞ்சியை வைச்சு உறிஞ்சுதுகள். அவையைத் தன்ரை காவல்காரர் எண்டு வாசலிலை நிக்கிறவள் கதைக்கிறாளாம். எந்தக் காவல்காரன் சொத்தைத் தின்னுவான்?”

சனம் ஓமோம் என்றது. காலையில் மஹ்றூப்பும் அதைத்தானே கண்டான்!

வீரகத்தி எழும்பினார். “அண்ணை, நீங்கள் பொய் சொல்லேல்லை. எந்தளவு குஞ்சு?”

“கடுகளவு.”

“எங்கை இருந்ததுகள்?”

“முட்டைக்குப் பக்கத்திலைதான்.”

“உங்கட பேரப்பிள்ளை பிறந்த அண்டைக்கே இறைச்சிக்கறி கேட்டவனோ?”

சிரிப்பு எழும்பியது. “பிறந்ததுகள் கொஞ்சம் ஈரம் குடிக்கும். உங்கட நெல்லுக்கு அது ஒரு சொட்டுத் தண்ணி. முதல் சட்டையைக் கழற்றினதும் வேட்டைக்கு இறங்கும். பிறகு கழற்றக் கழற்ற வளரும். எந்த வயதிலையும் அது புழுவா இருக்கிறதில்லை.”

“கதை!” என்றார் கதிர்காமநாதன். “ஆதாரம்?”

“உங்களிட்டைத்தான் இருக்கு. முத்திரை உங்கடதோ?”

“என்னுடையது.”

“ஆரும் தொட்டவையோ?”

“என் மேசையைத் தொட யாருக்குத் துணிவு?”

“போத்தலுக்கை தாய் ஆர், பிள்ளை ஆர் எண்டு சனத்துக்கு ஒருக்காச் சொல்லுங்கோ.”

“கபிலம் தாய். புழு பிள்ளை,” என்று முழங்கிக்கொண்டே அதிகாரி பட்டுத்துணியை இழுத்தார்.

முன்வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசை முன்வரிசையின் முதுகில் ஏறியது. புழுக்கள் ஊறிய இடத்தில் கறுத்த வெறும் தோல்கள் கிடந்தன. மிஞ்சிய ஒன்றிரண்டும் கோணூசி நுனிகளில் தொங்கின. ‘தாய்’கள் கொழுத்துப்போய் இருந்தன.

பரமலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“தம்பி அதிகாரி,” என்றார், “தாய் பிள்ளையளைத் திண்டிட்டுது.”

கதிர்காமநாதன் பட்டுத்துணியைத் திரும்பவும் போத்தலில் போர்த்தப் பார்த்தார்.

“சிவப்புக்காரனைப் பாருங்கோ!” என்று மஹ்றூப் கத்தினான்.

தலைகீழாகத் தொங்கிய அந்தச் சிவப்புச் சட்டையின் முதுகு பிளந்திருந்தது. அதற்குள்ளிருந்து வெளிறிய, ஈரமான ஒருவன் ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருந்தான். தோளில் முள். முதுகில் கேடயம். கசங்கிய இறகு மெதுவாக விரிந்தது. நிறம் ஏறவில்லையே தவிர, பக்கத்தில் இருந்த கபிலநிறக்காரனின் அச்சு.

“உடந்தை இல்லை, ஐயா,” என்றான் மஹ்றூப். “மகன்.”

“ஒரு வாரம் முழுக்க,” என்றார் வீரகத்தி, “ஊரிலை இருந்த பொலிசையெல்லாம் பேணி பேணியாப் பிடிச்சுச் சாகடிச்சுப்போட்டு, கள்ளர் கூடிப்போச்சு எண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறியள். கூடப் பிடிச்சவற்றை வயலிலை கூடச் சேதம். பிடிக்காத வயல் பச்சை. சதிகாரி ஆர் எண்டு கேட்டனீங்கள். உங்கட வாரம்தான்.”

சிற்றம்பலத்தார் நிலத்தைப் பார்த்தார். வேலை முடிந்தது என்று மஹ்றூப் மூச்சு விட்டான். அவசரப்பட்டுவிட்டான். பெரிய மனிதர்கள் விழுந்தாலும் மேடையில்தான் விழுவார்கள். விழுந்த இடத்தில் இன்னொரு பேச்சு ஆரம்பமாகும்.

“இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே ஆராய்ந்து வந்தேன்!” என்றார் கதிர்காமநாதன். “எனது கண்டுபிடிப்பைப் பாதுகாக்க வேண்டும். இந்த நிமிஷம் முதல் அந்த வயல் அரசாங்கப் பூச்சிக் காப்பிடம். வேலி அடைக்கப்படும். ஒருவரும் உள்ளே இறங்கக்கூடாது. காணிக்காரியும்கூட!”

சனம் கைதட்டியது. சனம் அவருடைய எல்லாப் பேச்சுக்கும் கைதட்டிப் பழகியது. வீரகத்தி பொத்தானைப் பிடித்தார். அவரிடம் துப்பு மிச்சமில்லை என்பது மஹ்றூப்புக்குத் தெரிந்தது.

பேச்சின் வேகத்தில் கதிர்காமநாதன் போத்தலை வெற்றிக்கோப்பைபோல உயர்த்தி, முத்திரையை உடைத்துச் சீலையை அவிழ்த்தார். வயிறு நிறைந்த கபிலநிறத்தார் ஒவ்வொருவராகப் போத்தல் வாய் விளிம்பில் ஏறி, முதுகுக் கேடயத்தின் கீழிருந்து இறகை விரித்து எழும்பினார்கள். ஒன்று அதிகாரியின் கழுத்துப்பட்டியில் இறங்கியது. பழக்கதோஷத்தில் ஓங்கி அறைந்தார். கடை முழுதும் நாறியது. மற்றவை யன்னலுக்கு மேலாக வெளியே போயின.

“ஐயா,” என்ற குரல் வாசலிலிருந்து வந்தது. விமலேஸ்வரி. “வேலியை அடையுங்கோ. நான் இறங்கேல்லை. ஆனா உங்கட காப்பிடம் பறந்து போகுது. புழு என்ரை வயலிலை முடிஞ்சால் அதுகள் அங்கை நிண்டு என்ன செய்யிறது? புழு இருக்கிற வயலுக்குத்தான் போகும். அப்ப ஆற்றை காணியை அடைப்பியள்? எல்லாற்றையுமோ?”

எல்லாற்றையும் என்ற சொல் விழுந்ததும் கைதட்டல் நின்றது. ஒவ்வொருவனும் தன்னுடைய வரம்பைச் சுற்றி வேலியைப் பார்த்துவிட்டான்.

“காப்பிடமும் வேண்டாம், கூப்பிடமும் வேண்டாம்,” என்றார் பரமலிங்கம். “உழவு மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. பெர்மிற்றை எடும் தம்பி. பிள்ளையின்ரை பேரை எழுதும். இப்ப, எங்களுக்கு முன்னாலை.”

நாறுகிற கையால் கதிர்காமநாதன் எழுதினார். கடதாசி கைமாறி வாசலுக்குப் போனது. விமலேஸ்வரி அதில் தன் பெயரை ஒருமுறை படித்தாள். பிறகு விரலை வைத்து, இன்னொருமுறை படித்தாள். சிரிக்கவில்லை. மடித்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டாள்.

சனம் கலைந்தது. சிற்றம்பலத்தார் அவளைக் கடந்து போகவேண்டியிருந்தது, வாசல் ஒன்றுதான். அவருக்கு முன்னங்கையில் ஏதோ குறுகுறுத்தது. பார்த்தார். கேடயக்காரன் ஒன்று. வாரம் முழுதும் பழகிய மற்றக் கை தானாக மேலே எழும்பியது.

“அது வேலைக்கு வந்திருக்கு, அண்ணை,” என்றாள் விமலேஸ்வரி. “வழியை விடுங்கோ.”

எழும்பிய கை அந்தரத்தில் நின்றது. மஹ்றூப்புக்கு ஒரு பகிடி நாக்கின் நுனிக்கு வந்தது, ஏனோ விழுங்கிவிட்டான். சிற்றம்பலத்தார் கையை மெல்ல இறக்கினார். பூச்சி இருந்த கையை முன்னே நீட்டி, ததும்பத் ததும்ப நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுபோகிறவர்போல அடிமேல் அடி வைத்து, தன் மொட்டை வயலை நோக்கி வரம்பில் நடந்தார்.